கூடாரப் பை எந்த வண்டியில்?

ஜனவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். நீங்களும் மருமகளும் அந்த அளவுக்காவது இருக்கிறீர்களா? உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது?

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிக்காதீர்கள். போனை எடுத்தால் நாம் என்ன செய்கிறோம்? "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு விடும் சத்தம்தான். அக்கா இருந்தவரை போன் அவள் கையில் இருந்தது. என்னிடம் பேசி, உங்களிடம் திரும்பிச் சொல்லி, நீங்கள் சொல்வதில் காரத்தைக் குறைத்து எனக்குச் சொல்லுவாள். இத்தனை வருஷத்தில் நாம் இருவரும் நேராகப் பேசிக்கொண்டதே இல்லை என்பது அவள் போன பிறகுதான் தெரிகிறது. போன மாதம் நீங்கள் கூப்பிட்டபோது, அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். எழுதினால் அப்படி ஓட முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் அக்காவோடு மூன்று பேருமாகப் போன மலை ஏரிக்கு இந்த ஜூனிலும் போவோம், அத்தான். பழையபடி மோட்டார் சைக்கிளில்தான். என் வண்டி ஓடுகிற நிலையில் இருக்கிறது. பரணிலிருந்து தோல் பைகளை இறக்கிப் பார்த்தேன். ஒரு பையின் அடியில் எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. பெருங்காற்று வீசிய வருஷம் கிழிந்த கூடாரத்தைத் தொட்டால் கையோடு வருகிறது. எல்லாமே புதிதாக வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் மாட்டும் அலுமினியப் பெட்டி நல்லதா, துணிப் பை நல்லதா? நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பல் செய்து கொடுக்கிறவன் நான், இரும்பும் தகரமும் உங்கள் இலாகா. சொல்லுங்கள்.

ஒன்றை வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். அக்கா போய்ப் பத்து மாதம் ஆகிறது. இப்படியே விட்டால், யார் வீட்டுக் கல்யாணத்திலோ எதிரெதிரே பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிற உறவாகிவிடுவோம். எனக்கு அது வேண்டாம்.

மருமகளுக்கு என் அன்பு.

உங்கள்,
மூட்டை


பிப்ரவரி 1

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழங்கால் என்னைக் கேட்காமலே முடிவெடுக்கிறது. மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை. பெண் வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கிறாள், கூடவே அவள் அம்மாவின் முறைப்பும் வருகிறது. உன் முதுகு வலி எப்படி? குனிந்தே வேலை பார்க்கிறவன், நடுநடுவே எழுந்து நட.

மூட்டை என்று நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உன் அக்கா வைத்த பெயர் என்றைக்கும் வீண்போனதில்லை. இரண்டு நாள் பயணத்துக்கு இஸ்திரிப் பெட்டி எடுத்து வந்த ஆள் நீ.

அலுமினியப் பெட்டி வேண்டாம். பார்க்க லட்சணமாக இருக்கும், பூட்டலாம், மழை புகாது, எல்லாம் சரி. ஆனால் மலைப்பாதைச் சரளையில் வண்டி சாய்ந்தால், கால் பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். நம் வயதில் எலும்பு சீக்கிரம் கூடாது. துணிப் பையே வாங்கு. சைலன்சர் பக்கம் உராயாமல் ஒரு தகடு வளைத்துத் தருகிறேன். கனமானதை அடியில் வை, முன்பக்கமாகத் தள்ளி வை. இரண்டு பக்கமும் ஒரே பாரம் இருக்கட்டும். லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தாலும் ஒன்பதாவதாக ஏறுகிறவன் தன்னை ஒரு ஆளாகவே நினைக்க மாட்டான். நீயும் அந்த ஜாதி. அதனால்தான் சொல்கிறேன்.

உன் அக்கா வாசலில் நின்று ஒரு கையில் ஒரு பை, மறு கையில் இன்னொரு பை என்று தூக்கிப் பார்ப்பாளே. "இது குண்டு" என்று ஒன்றைக் கீழே போட்டுவிட்டு, அதிலிருந்து உன் சாமான் எதையாவது உருவி வெளியே எறிவாள். அந்தத் தராசு இப்போது இல்லை.

வருகிறேன் என்று இன்னும் நான் எழுதவில்லை, கவனி. ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியைக் கிளப்பி வைக்கிறேன், அவ்வளவுதான். கூடாரம், படுக்கை எல்லாம் பக்கப் பைகளுக்குள்ளேயே அடங்குமா? கடையில் கேட்டு எழுது.

அன்புடன்,
அத்தான்


பிப்ரவரி 12

அன்புள்ள அத்தானுக்கு,

என் முதுகைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. எழுந்து நடக்கிறேன், என் வீட்டுக்காரி சாட்சி. உங்கள் முழங்காலுக்கு ஒரு உறை வாங்கிப் போடுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். கடையில் ஒரு பெண்மணி. ஆள் சின்ன உருவம், ஆனால் கூடாரத்தை உதறிய உதறில் நான் இரண்டடி பின்னால் போனேன். கம்பிகளைக் கோத்து, நான் மூக்குக் கண்ணாடி துடைப்பதற்குள் நிறுத்திக் காட்டிவிட்டார். "எத்தனை பேர் தூங்கணும்?" என்று கேட்டார். இரண்டு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. விரலைக் காட்டினேன்.

இரண்டு பேர் கூடாரம் என்றால் இரண்டு ஒல்லி ஆட்கள், மூட்டை இல்லாமல் என்று அர்த்தமாம். அதனால் ஒரு அளவு பெரியதாகவே எடுத்தேன். மழைக்கு மேல்விரிப்பு தனியாக இருக்கிறது, உள்ளே வியர்க்காது. தரையின் குளிர் ஏறாமல் அடியில் போடக் காற்றடிக்கிற மெத்தை, சுருட்டினால் தண்ணீர்ப் பாட்டில் அளவுதான். கையடக்க அடுப்பு ஒன்று. அக்கா ஏரிக்கரையில் கல் கூட்டி, விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து டீ போட்டது ஞாபகம் வந்தது. புகை நாற்றம் அடிக்கிற அந்த டீக்கு நாம் அடித்துக்கொண்டோம்!

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: பக்கப் பைக்குள் கூடாரம் அடங்காது. அதற்கென்று உருண்டையாக நீளப் பை இருக்கிறது, தண்ணீர் புகாது. அதைக் குறுக்காகப் பின் சீட்டில் வைத்துக் கொக்கி ரப்பர் போட்டு இழுத்துக் கட்டிவிட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். உங்கள் பின் சீட்டும் சும்மாதானே இருக்கிறது. உங்களுக்கும் ஒரு நீளப் பை வாங்கி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு நிறம்.

பதில் போடுங்கள்.

உங்கள்,
மூட்டை


மார்ச் 8

அன்புள்ள அத்தானுக்கு,

பை வந்து சேர்ந்ததா? எல்லோரும் சௌக்கியம்தானே? நிறம் பிடிக்கவில்லையென்றால் மாற்றித் தருவார்கள்.

ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? சொன்னால் திருத்திக்கொள்வேன். நீங்கள் சும்மா இருந்தால் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மேல்தாடைக்குச் செய்ய வேண்டிய பல்லை நேற்று கீழ்த்தாடைக்குச் செய்துவிட்டேன்.

உங்கள்,
மூட்டை


மார்ச் 25

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. நீங்களும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய சிவப்புப் பை வந்தது. அப்பா அதைப் பிரித்துப் பார்த்து, நல்ல தையல் என்று பாராட்டினார். பக்கப் பைகளும் வாங்கிவிட்டார். லீவு நாளில் எல்லாவற்றையும் கொட்டகையில் பரப்பி அடுக்குகிறார். கூடாரத்தின் அளவுக்குச் சுருட்டிய தார்ப்பாயும் அவர் படுக்கையும் எப்படி அமுக்கினாலும் பக்கப் பையில் நுழைவதில்லை. பிரிக்கிறார், மறுபடி அடுக்குகிறார். இதைவிடப் பெரிய பக்கப் பை வேண்டும் என்று கடைக்குப் போய் மாற்றி வந்தார். அது சைலன்சரில் இடிக்கிறது. மறுபடி மாற்றினார். கடைக்காரர் இப்போது அவரைக் கண்டாலே உள்ளே போய்விடுகிறார்.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பின் சீட்ல கட்டிடுங்களேன்பா, மாமா சொன்ன மாதிரி" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். "அங்க இடம் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம்தான் வண்டியை நன்றாகக் கவனித்தேன், மாமா. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டை இருக்கிறதே, அதை அப்பா மடக்கவே இல்லை. அம்மா இறங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே விரித்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைக்கிறார். என்னைக்கூட அந்த வண்டியில் ஏற்றிப் போவதில்லை, பஸ்ஸில் போகச் சொல்கிறார்.

அவருக்கு உங்களோடு வர ஆசை. வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆனால் அந்தச் சீட்டில் ஒரு பையைத் தூக்கி வைக்க அவரால் முடியவில்லை. வராமலே இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 3

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது, பட்டறையில் மெழுகு தானாகவே உருகுகிறது. அங்கும் அப்படித்தான் இருக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

சிவப்புப் பை விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒரே கூடாரத்துக்கு இரண்டு நீளப் பை எதற்கு? உங்களுக்கு அனுப்பியதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், ஏதாவது தலையணை உறையாகப் பயன்படும். கூடாரம், மெத்தை, அடுப்பு, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் என் வண்டியிலேயே ஏற்றிக்கொள்கிறேன். மூட்டை என்று பெயர் வாங்கியவனுக்கு இது ஒரு பாரமா? நீங்கள் உங்கள் பக்கப் பைகளில் இரண்டு சட்டையும் மாத்திரையும் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி வாருங்கள். பின்னால் ஒரு துரும்பும் கட்ட வேண்டாம்.

நேற்று என் வண்டியில் எல்லாவற்றையும் கட்டி ஒத்திகை பார்த்தேன். தெருவில் போகிறவர்கள் வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்டார்கள். வண்டி நேராகத்தான் ஓடுகிறது.

ஜூன் முதல் வாரம் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வரமாட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள்,
மூட்டை


ஏப்ரல் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். முழங்காலுக்கு உறை வாங்கினேன், நீ சொன்னதற்காக இல்லை, அது தள்ளுபடியில் கிடைத்தது.

பெண் உனக்கு எழுதிவிட்டாள் என்று தெரிகிறது. இல்லாவிட்டால் இரண்டு பை வாங்குகிற இடத்தில் மூன்று வாங்குகிற நீ, ஒன்றைத் திருப்பிக் கேட்பாயா? அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. உன்னையும்தான். பின் சீட் சும்மாதானே இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் காகிதத்தைக் கசக்கிவிட்டேன், உண்மை. பிறகு நீவி எடுத்து வைத்தேன். நீ எழுதியது தப்பே இல்லை. சும்மாதான் இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

ஆனால் உன் யோசனையும் சரிப்படாது. எல்லாவற்றையும் உன் வண்டியில் கட்டிக்கொண்டால், மலைப்பாதையில் உன் அக்கா எங்கே உட்காருவாள்?

மறந்துவிட்டாயா? அடிவாரம் வரைக்கும்தான் அவள் என் வண்டி. டீக்கடை வந்ததும் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உன் வண்டிக்குப் போய்விடுவாள். "வளைவுல உங்களை நம்ப முடியாது, என் தம்பி பதமா ஓட்டுவான்" என்பாள். எனக்கு எரியும். நீ பல்லைக் காட்டுவாய். அவள் அந்தப் பக்கம் போனதும் கூடாரப் பை உன் வண்டியிலிருந்து என் வண்டிக்கு வரும். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் போனோம். இந்த வருஷமும் அப்படியே போவோம். டீக்கடை வரை பையை நீ கட்டிக்கொள். அதற்கு மேல் நான் கட்டிக்கொள்கிறேன். அப்போது என் சீட்டில் இடம் இருக்கும்.

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றினால் சொல்லிவிடு, நான் வரவில்லை. தோன்றாவிட்டால் ஜூனில் வா.

அன்புடன்,
அத்தான்


மே 5

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறேன். இதை நம்பலாம்.

பைத்தியக்காரத்தனம்தான். எனக்கும் அதே பைத்தியம். உங்கள் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். மலைப்பாதையை மறக்கவில்லை அத்தான், நினைக்காமல் இருந்தேன். அவள் என் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் எங்கள் அப்பா அம்மாவைப் பற்றி, தெருவைப் பற்றி, உங்களைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டே வருவாள். அவளோடு தனியாகப் பேச எனக்கு வருஷத்தில் கிடைத்த நேரம் அதுதான். அந்தப் பாதையில் பின்னால் ஆளில்லாமல் என்னால் ஓட்ட முடியுமா என்று தெரியவில்லை. அதனால்தான் மூட்டை மூட்டையாகக் கட்டிப் பார்த்தேன் போலிருக்கிறது. இது இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

இருந்தாலும் வருகிறேன். ஜூன் ஐந்தாம் தேதி உங்கள் வாசலில் இருப்பேன். மருமகளிடம் சொல்லுங்கள், இஸ்திரிப் பெட்டி எடுத்து வரவில்லை.

உங்கள்,
மூட்டை


ஜூன் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நீயும் நல்லபடியாகச் சேர்ந்திருப்பாய். உன் முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல். என் முழங்கால், நம்ப மாட்டாய், போனபோது இருந்ததைவிடத் தேவலை.

டீக்கடையில் பையை அவிழ்த்து என் சீட்டில் கட்டினாயே, அப்போது நான் கல்லாப் பக்கம் திரும்பி நின்றது ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். முதல் வளைவில் அந்தப் பை என் முதுகில் வந்து சாய்ந்தது. கோபம் வந்தது. எட்டி உதைத்துவிடலாமா என்று இருந்தது. அப்புறம் முன்னால் போகிற உன்னைப் பார்த்தேன். காலிச் சீட்டோடு அரை வேகத்தில் போய்க்கொண்டிருந்தாய். குழி வந்தால் தலையைத் திருப்பிப் பின்னால் ஏதோ சொன்னாய். என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும், "பிடிச்சுக்கோக்கா". அதைப் பார்த்தபின் பையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் உன்னோடு வருகிறாள், நான் சாமானோடு வருகிறேன், வழக்கம்போல.

ஏரிக்கரையில் மழை நம்மைக் கூடாரத்துக்குள் உட்கார வைத்ததும் நல்லதாயிற்று. அவளைப் பற்றி விடாமல் பேசினோம். எத்தனை வருஷமாகப் போனில் பேசாமல் விட்ட பேச்சு அது! உன் அடுப்பு டீயில் புகை நாற்றம் இல்லாததுதான் குறை.

பாதை பிரியும் இடத்தில் நடந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். வழக்கமாக அங்கே அவள் உன் வண்டியிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போக என் வண்டிக்கு வருவாள். பை உன்னிடம் போகும். நீயும் வழக்கப்படி கொக்கியை அவிழ்க்க வந்தாய். நான்தான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு, பை என்கிட்டயே இருக்கட்டும். அவளை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன். நீ கொக்கியை மறுபடி மாட்டிவிட்டு உன் வண்டியைக் கிளப்பினாய். ஏன் என்று கேட்டிருந்தால் என்னால் அங்கே சொல்லியிருக்க முடியாது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எங்க அம்மா வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடலாமா?" டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார். அந்த நிலையில் அவளை அசைக்க முடியாது, எனக்கும் அது தெரியும். "உடம்பு தேறட்டும், போகலாம்" என்றேன். அவளும் சரி என்றாள். உன்னிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் போனில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன்.

கூடாரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. காய வைத்து மடித்துவிட்டேன்.

அன்புடன்,
அத்தான்


ஜூலை 2

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். முதுகு பரவாயில்லை.

பிரிந்த இடத்திலிருந்து வீடு வரைக்கும் ஒரு இடத்தில்கூட வண்டியை விரட்டவில்லை. ஆற்றுப் பாலம், நாங்கள் படித்த பள்ளிக்கூடம், அக்கா சைக்கிள் கற்றுக்கொண்டு விழுந்த மைதானம் என்று எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே வந்தேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

கதவைத் திறந்த என் வீட்டுக்காரி காலிச் சீட்டைப் பார்த்துவிட்டு, "கூடாரத்தை எங்க தொலைச்சீங்க?" என்றாள். நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அவள் உள்ளே போய், அக்காவின் அறையில் நான் பரப்பி வைத்திருந்த பல் அச்சு, பிளாஸ்டர் டப்பா எல்லாவற்றையும் வாரி மாடிக்குக் கொண்டுபோனாள். ஜன்னலைத் திறந்துவிட்டு, கட்டிலுக்கு வேறு விரிப்புப் போட்டாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

உங்கள் கடிதம் அதற்கு அப்புறம்தான் வந்தது. அவள் கேட்டது எனக்குத் தெரியாது, அத்தான். இப்போது வந்துவிட்டாள், இனி அதை நினைத்து நீங்கள் குமைய வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடிதம் போட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வந்து அழைத்துப் போவது உங்கள் பொறுப்பு. வரும்போது உங்கள் பின் சீட்டில் எதையும் கட்டாதீர்கள், கூடாரத்தைக்கூட. மருமகள் பஸ்ஸில் வரட்டும். அறை தயாராக இருக்கிறது.

எப்போது வருகிறீர்கள்?

உங்கள்,
மூட்டை